நிழல் தோட்டத்துக்கு எந்த ரகம்? காப்பிச் செடி சொல்லும் பாடம்



போன மாதம் கீழ்ப்பழனி மலையிலிருந்து ஒரு பெரியவர் அலுவலகத்துக்கு என்னைப் பார்க்க வந்திருந்தார். ஒன்றரை ஏக்கர் மலைத்தோட்டக்காரர். காப்பி, வாழை, மிளகு மூன்றையும் கலந்து வைத்திருக்கிறார். வந்து உட்கார்ந்ததும் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"சார், அரை ஏக்கர் காப்பி போயிடுச்சு. தண்டு துளைப்பான். பிடுங்கி எரிச்சிட்டேன். இந்த மழைக்குப் புது நாத்து வைக்கணும். நோயே வராத ரகமா ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. தோட்டம் பூரா அதையே வச்சிடறேன்."

கேள்வி நியாயமானதுதான். நெல்லில் ரகம் தப்பிப் போனால் அடுத்த போகத்தில் மாற்றிக்கொள்ளலாம். காப்பி அப்படி இல்லீங்க. வைத்து மூன்று நான்கு வருடம் கழித்துத்தான் காய்ப்புக்கு வரும். வந்தால் நாற்பது ஐம்பது வருடம் நிற்கும். பெரியவர் இன்று எடுக்கிற முடிவு அவர் பேரன் காலம் வரைக்கும் பேசும்.

ஆனால் "நோயே வராத ரகம்" என்று கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பயம் வந்துவிட்டது. காப்பி மலைகளில் இந்தச் சொல்லை நம்பிக் கெட்டவர்கள் அநேகம். அவருக்குச் சொன்ன கதையையே இன்று உங்களுக்கும் சொல்லுகிறேன்.

ஏழு கொட்டையிலிருந்து

காப்பி வெயில் பயிர் அல்ல. அராபிகாக் காப்பியின் தாய்வீடு எத்தியோப்பியா நாட்டின் தென்மேற்கு மலைக்காடு. அங்கே பெரிய பெரிய மரங்களின் அடியில், வடிகட்டின வெளிச்சத்தில் தானாக முளைத்து வளருகிற செடி அது. அங்கிருந்து அரபு நாடான ஏமனுக்குப் போயிற்று. ஏமனிலிருந்து பாபா பூதன் என்ற பெரியவர் ஏழு கொட்டைகளைக் கொண்டுவந்து, கர்நாடகத்துச் சிக்மகளூர் மலையில் ஊன்றினார் என்று வழிவழியாகச் சொல்லுவார்கள். 17ஆம் நூற்றாண்டுக் கதை இது. அந்த மலைக்கு இன்றைக்கும் பாபா பூதன் கிரி என்றுதான் பெயர்.

நம் பக்கத்தில் ஏற்காட்டு மலைக்குக் காப்பி வந்தது 1820களில். அப்போது சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பவர் கொண்டுவந்தார்.

இங்கே ஒரு சங்கதியைக் கவனிக்க வேண்டும். அராபிகாச் செடியின் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல் பிடித்துக்கொள்ளும். வேறு செடியின் கலப்பு குறைவு. ஆகவே சில கொட்டைகளிலிருந்து பெருகிய தோட்டம் என்றால், ஆயிரம் ஏக்கரானாலும் எல்லாம் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி. ஒரு தெருவில் எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரிப் பூட்டு போட்டால் என்ன ஆகும்? திருடனுக்கு ஒரு சாவி போதும், இல்லீங்களா?

மரத்தை வெட்டினார்கள், பூச்சி வந்தது

தொடக்கத்தில் பயிரான ரகத்துக்குச் சிக் என்று பெயர். சிக்மகளூரின் பெயரால் வந்தது. காப்பிக்கு நல்ல விலை கிடைத்தது. மைசூர், குடகு, வயநாடு, நீலகிரி என்று காடுகளை அழித்துத் தோட்டம் போட்டார்கள். நிழல் எதற்கு, வெயில் பட்டால் காய்ப்பு கூடுமே என்று பல இடங்களில் மரங்களை ஒட்ட வெட்டிவிட்டார்கள். காய்ப்பும் கூடத்தான் செய்தது.

1860களில் வந்தது வெள்ளைத் தண்டுத் துளைப்பான். இது ஒரு வண்டு. வெயில் படுகிற தண்டைத் தேடிப் பிடித்து, பட்டை வெடிப்பில் முட்டை வைக்கும். புழு தண்டுக்குள் குடைந்துகொண்டே போகும். வெளியே பார்த்தால் இலை பழுத்துத் தொங்கும். உள்ளே செடி செத்துக்கொண்டிருக்கும். சிக் ரகத் தோட்டங்கள் சரிந்தன.

சென்னை அரசாங்கம் ஜார்ஜ் பிடி என்ற மருத்துவரை அனுப்பி இதை ஆராயச் சொன்னது. அவருடைய அறிக்கை 1869ல் அச்சாகி வந்தது. காப்பிக்கு நிழல் வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். அதற்குப் பிறகுதான் தோட்டக்காரர்கள் வெட்டின இடத்தில் மறுபடி மரம் வைக்க ஆரம்பித்தார்கள். சிக் ரகத்துக்குப் பதிலாகக் குடகிலிருந்து விதை எடுத்துக் கூர்க் என்ற ரகத்தைப் பரப்பினார்கள்.

இலங்கையில் நடந்தது

அதே 1869ல் கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் வேறொன்று தலைகாட்டியது. காப்பி இலையின் அடியில் மஞ்சள் புள்ளி. விரலால் தடவினால் ஆரஞ்சு நிறப் பொடி ஒட்டும். அதுதான் இலைத்துரு நோய். ஒரு வகைப் பூஞ்சாணம். அந்தப் பொடி முழுவதும் அதன் வித்து. காற்றிலும் மழைச் சாரலிலும் பரவி, இலையில் ஈரம் நிற்கும்போது முளைத்து உள்ளே இறங்கும். இலை கொட்டும். இலை கொட்டினால் கிளை காயும். கிளை காய்ந்தால் அடுத்த வருட மகசூல் கிடையாது.

1870ஐ ஒட்டி இலங்கையிலிருந்து வருடத்துக்குப் பத்துக் கோடி பவுண்டுக்கு மேல் காப்பி ஏற்றுமதியாயிற்று. 1870களின் கடைசியில் இரண்டரை லட்சம் ஏக்கருக்கும் மேல் காப்பி நின்றது. அதில் பெரும்பகுதி நிழலே இல்லாத மொட்டை மலைகளில், ஒரே சாதிச் செடியாக நின்றது. நோய்க்கு விருந்து வைத்த மாதிரி ஆகிவிட்டது.

1880ல் மார்ஷல் வார்டு என்ற விஞ்ஞானியை அனுப்பினார்கள். பூஞ்சாணம் எப்படிப் பரவுகிறது என்பதை அவர் தெளிவாகக் கண்டுபிடித்தார். இடைவெளியே இல்லாமல் மலைக்கு மலை ஒரே பயிராக வைத்ததுதான் நோய்க்கு வழி செய்தது என்றும் எடுத்துச் சொன்னார். ஆனால் காலம் கடந்துவிட்டது. போர்டோ கலவை அப்போது கிடையாது. பிரான்சில் திராட்சைத் தோட்டத்தில் அந்தக் கலவை கண்டறியப்பட்டது 1880களின் நடுவில்தான். 1884ல் ஓரியண்டல் பாங்க் என்ற பெரிய வங்கியே மூடப்பட்டது. அதன் பணம் இலங்கைக் காப்பித் தோட்டங்களில் முடங்கிப் போனதும் அதற்கு ஒரு காரணம். 1890களில் இலங்கைக் காப்பி பெயருக்குத்தான் மிச்சம்.

இதில் நம் மக்கள் கதையும் இருக்கிறது. மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து காப்பிப் பழம் பறிக்கக் கூட்டம் கூட்டமாகப் போய், பருவம் முடிந்து ஊருக்குத் திரும்பிவந்துகொண்டிருந்தார்கள் நம் ஆட்கள். கடல் தாண்டி இறங்கினால், அங்கிருந்து மலை வரைக்கும் காட்டு வழியில் நடை. வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். காப்பி அழிந்ததும் அந்தப் பிழைப்பு போயிற்று. பிறகு அதே மலைகளில் தேயிலை வந்தது. தேயிலைக்கு வருடம் பூரா ஆள் வேண்டும் என்பதால் குடும்பத்தோடு அங்கேயே தங்கும்படி ஆயிற்று. ஒரு செடியின் இலையில் வந்த புள்ளி எத்தனை குடும்பத்தின் தலையெழுத்தை மாற்றிவிட்டது பாருங்கள்.

மாற்று ரகம், மாறும் நோய்

துரு நோய் சீக்கிரமே நம் நாட்டுக்கும் வந்தது. கூர்க் ரகம் அதற்குத் தாங்கவில்லை. 1911ல் மைசூர்ப் பக்கத்தில் கென்ட் என்ற தோட்டக்காரர் தன் தோட்டத்தில் நோய் பிடிக்காமல் நின்ற ஒரு செடியைக் கண்டார். அதிலிருந்து விதை எடுத்துப் பெருக்கினார். அதுதான் கென்ட்ஸ் ரகம். "இனிக் கவலை இல்லை" என்று எல்லோரும் அதை வைத்தார்கள்.

1930களில் அதுவும் துருவுக்கு விழுந்தது. ஏன் என்று கண்டுபிடித்ததும் நம் நாட்டில்தான். சிக்மகளூர் மாவட்டத்து பாலேஹொன்னூரில் 1925ல் தொடங்கிய காப்பி ஆராய்ச்சி நிலையத்தில் மேய்ன் என்ற விஞ்ஞானி இருந்தார். துருப் பூஞ்சாணம் ஒரே வகை அல்ல, அதில் பல இனங்கள் உண்டு என்று 1932ல் வெளியிட்டார். ஒரு இனத்தைத் தாங்குகிற செடி இன்னொரு இனத்தைத் தாங்காது. நாம் பூட்டை மாற்றினால் அதுவும் சாவியை மாற்றிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு உலகம் முழுவதும் 50க்கும் மேற்பட்ட இனங்களைக் கண்டிருக்கிறார்கள்.

அதே நிலையத்தில், லைபீரிகாக் காப்பியின் இரத்தம் கலந்த எஸ்.288 என்ற செடியைக் கென்ட்ஸ் ரகத்தோடு ஒட்டுச் சேர்த்து எஸ்.795 என்ற ரகத்தை உண்டாக்கினார்கள். 1940களில் வெளிவந்தது. உயரமாக வளரும், நிழலுக்கு ஏற்றது, பானம் ருசியானது. நாளடைவில் இதற்கும் துரு பிடிக்க ஆரம்பித்தது. இருந்தாலும் செடி எழுந்து நிற்கும். இத்தனை வருடம் கழித்தும் நம் மலைகளில் அது நிற்கிறது என்றால் அந்தத் தெம்புதான் காரணம்.

பிறகு 1980களின் நடுவில் காவேரி என்ற குட்டை ரகம் வந்தது. டைமூர் தீவில் அராபிகாவும் ரொபஸ்டாவும் இயற்கையாகக் கலந்து உண்டான செடியின் வாரிசு. நெருக்கி வைக்கலாம், சீக்கிரம் காய்க்கும், துரு வராது என்றார்கள். பழைய செடியைப் பிடுங்கிவிட்டு இதை வைத்தவர்கள் உண்டு. சில வருடத்திலேயே துரு அதையும் பிடித்தது. தண்டு துளைப்பானும் விடவில்லை. 2007ல் சந்திரகிரி வந்தது. நல்ல குட்டை ரகம்தான். ஆனால் காலத்துக்கும் நோய் அண்டாது என்று அதற்கும் நான் உறுதி எழுதிக் கொடுக்க மாட்டேன்.

என் பிழையும் உண்டு

இதுவரை சொன்னது பழைய கதை. இனிச் சொல்வது என் கதை. நான் வேலைக்கு வந்த புதிதில் இதே பெரியவர் தோட்டத்துக்குப் போனேன். நல்ல அடர்த்தியான நிழல். "ஐயா, நிழலைக் குறைச்சாக் காய்ப்பு கூடும்" என்று சொன்னேன். சொன்னதில் தப்பில்லை. எவ்வளவு குறைக்க வேண்டும், எந்தக் கிளையைக் கழிக்க வேண்டும் என்று கூட நின்று காட்டாமல் வந்துவிட்டேன். அதுதான் தப்பு. அவர் அரை ஏக்கரில் மரத்தையே வெட்டிவிட்டார். இரண்டு வருடம் காய்ப்பு அமோகம். பிறகு துளைப்பான் வந்தது. வருடா வருடம் பத்து இருபது செடி என்று போய், இப்போது எரித்தது அந்த அரை ஏக்கரைத்தான். அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் ஜார்ஜ் பிடி எழுதிவைத்த பாடத்தை நான் அந்த மனுஷர் செலவில் மறுபடி படித்தேன்.

அவருக்கு நான் சொன்ன யோசனை

முதலில் நிழல், பிறகுதான் ரகம். மரம் இல்லாத இடத்தில் எந்த ரகமும் தேறாது. உடனடி நிழலுக்கு முள்முருங்கைப் போத்தும் வாழையும். நிலையான நிழலுக்குப் பலா, அத்தி, வாகை. மிளகு ஏற்றச் சில்வர் ஓக்கும் இருக்கட்டும், ஆனால் அது மட்டுமே வேண்டாம். மரத்திலும் ஒரே சாதி ஆபத்துதான். அடர்த்தி மிஞ்சினாலும் ஆகாது. இலையில் ஈரம் காயாமல் துருவும் அழுகலும் வரும், பூவும் குறையும். மழைக்கு முன்னால் கிளை கழித்து, புள்ளி புள்ளியாக வெயில் விழுகிற மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, ஒரே ரகம் வேண்டாம். நன்றாக நிழல் கட்டுகிற பெரும்பகுதியில் எஸ்.795, ஆறடி முதல் ஏழடி இடைவெளியில். எரு போட்டுப் பராமரிக்க முடிகிற ஒரு பகுதியில் சந்திரகிரி, ஐந்தடி இடைவெளியில். இரண்டையும் தனித்தனிப் பாத்தியாக வைத்தால் கவாத்தும் பறிப்பும் சுலபம். ஒன்றில் நோய் வந்தாலும் மற்றொன்று அடுப்பை எரிய வைக்கும். 3,000 அடிக்குக் கீழே நிலம் உள்ளவர்கள் ரொபஸ்டாவைப் பற்றி யோசிக்கலாம். துருவையும் துளைப்பானையும் அது நன்றாகத் தாங்கும். ஆனால் பூக்கும் காலத்தில் தண்ணீர் வேண்டும்.

மூன்றாவது, எந்த ரகமானாலும் கைவேலை உண்டு. தாய்த்தண்டில் தொங்குகிற பட்டையைச் செடி நோகாமல் தேய்த்து எடுத்துவிட வேண்டும். வண்டு பறக்கிற ஏப்ரல்-மே மாதங்களுக்கு முன்பும், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரையிலான பருவத்துக்கு முன்பும் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து, பிடித்த செடியைப் பிடுங்கி எரித்துவிட வேண்டும். துருவுக்கு மழைக்கு முன் அரை சதவிகிதப் போர்டோ கலவையை இலையின் அடிப்பக்கம் நனையத் தெளிக்க வேண்டும்.

நாற்றும் விதையும் கேட்ட இடத்தில் எல்லாம் வாங்க வேண்டாம். கீழ்ப்பழனிக்காரர்களுக்குத் தாண்டிக்குடியிலேயே காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே கேளுங்கள்.

பெரியவர் எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப நோயே வராத ரகம்னு ஒண்ணு கிடையாதா சார்?" என்றார்.

"ரகம் இல்லீங்க ஐயா. தோட்டம் வேணும்னா அப்படி ஒண்ணு உண்டாக்கப் பார்க்கலாம்" என்றேன்.

சிரித்துக்கொண்டே எழுந்தவர், வாசல்வரை போய்த் திரும்பி, "இந்தத் தடவை மரம் கழிக்கிற அன்னிக்கு நீங்களும் வந்து நிக்கணும்" என்றார். தேதி குறித்துக்கொண்டேன். கட்டாயம் போவேன்.