உரையாடலின் அரசியல்: புதுக்கோட்டை அறிவொளியை முன்வைத்து

மனிதர்களின் பழக்கத்தை மாற்ற நம்மிடம் எப்போதும் கைவசம் இருந்த கருவி உபதேசம். சாமியார் சொன்னார், சர்க்கார் சொன்னது, இயக்கம் வைத்த நாமும் சொன்னோம். கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டுத் தங்கள் வழியே போனார்கள். உபதேசம் தோற்ற இடத்தில் உரையாடல் என்ன செய்தது என்பதற்கு இரண்டு வரலாறுகள் உண்டு. ஒன்று ஆலோசகரின் அறையில் நடந்தது. மற்றது புதுக்கோட்டை மாவட்டத்தின் தெருவிளக்கடியில். இரண்டையும் அருகருகே வைத்து வாசிக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

முதல் வரலாறு. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் குடிநோயாளிகளுடன் பேசும் முறை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 1991இல் ஸ்டீபன் ரோல்னிக்கோடு சேர்ந்து அதை நூலாக்கினார். குடிப்பவரை 'உண்மையை மறுப்பவர்' என்று முத்திரை குத்தி, மோதிப் பணியவைப்பதே வைத்தியம் என்ற எண்ணம் அன்று அங்கே ஓங்கியிருந்தது. மில்லர் இதைத் திருப்பிப்போட்டார். குடிப்பவருக்குள் ஏற்கெனவே இரண்டு மனசு இருக்கிறது. விடணும், விட முடியலை. ஆலோசகர் 'விடு' என்ற பக்கத்தைப் பிடித்துக்கொண்டால் வந்தவருக்கு மிஞ்சுவது 'விடமாட்டேன்' என்ற பக்கம்தான். ஆகவே வாதாடாதே, கேள். "குடிக்கிறதுல என்ன கிடைக்குது? என்ன போகுது?" அவர் சொன்னதை அவருக்கே திருப்பிச் சொல்லிக் காட்டு. விடுவது எவ்வளவு முக்கியம் என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்லச் சொல். நாலு என்றால், ஏன் பத்து இல்லை என்று கேட்காதே. ஏன் பூஜ்யம் இல்லை என்று கேள். மாறுவதற்கான காரணம் அவர் வாயிலிருந்தே வரும்.

இரண்டாவது வரலாறும் 1991இல்தான் தொடங்குகிறது. 1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் வந்தது. 1990இல் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு மாவட்டமானது. அந்த அலையில், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் காலத்தில், தமிழ்நாடு அறிவியல் இயக்கத் தோழர்களின் உழைப்போடு புதுக்கோட்டையில் அறிவொளி எழுந்தது. தொண்டர்களில் நானும் ஒருவன். மில்லரின் பெயர் எங்கள் காதில் விழுந்ததில்லை. எங்களுக்குக் கிடைத்த பெயர் பாவ்லோ ஃப்ரெய்ரே. 1963இல் பிரேசிலின் அங்கிகோஸ் ஊரில், உழைப்பவர்களின் வாழ்க்கையிலிருந்தே சொற்களை எடுத்து, அவற்றைப் பற்றிப் பேசவைத்து எழுத்தைக் கற்பித்தவர்.

ராத்திரி எட்டு மணிக்கு மேல், நடவும் கல்லுடைப்பும் முடித்து வந்த பெண்கள் கேட்பார்கள்: "இந்த வயசுல படிச்சு என்னத்தக் கிழிக்கப் போறோம் தம்பி?" இதற்குப் பதில் சொல்லப் புகுந்தால் வகுப்பு அன்றோடு சரி. "எழுதத் தெரிஞ்சா முதல்ல எதை எழுதுவீங்க அக்கா?" என்று கேட்டால் பேச்சு வேறு திக்கில் போகும். யாரையும் கேக்காம பஸ் போர்டைப் படிக்கணும் என்பார் ஒருவர். வட்டிக்காரன் நோட்டுல என்ன எழுதியிருக்கான்னு பாக்கணும் என்பார் இன்னொருவர். வாயால் சொல்லக்கூடாத புருஷன் பெயரை எழுதிப் பார்க்கணும் என்று ஒருவர் சொன்னதும் கூட்டமே சிரித்தது. பட்டா என்ற சொல் வந்தால் சிரிப்பு நின்றுவிடும். ஊரில் யாருக்கு நிலம், யாருக்கு இல்லை என்று பேச்சு நீளும்.

ஆலோசகரின் அறையும் தெருவிளக்கும் பிரிகிற இடம் இதுதான். மில்லரின் முறையில் தயக்கம் ஒரு தனிமனிதரின் மனசுக்குள் இருக்கிறது. புதுக்கோட்டைப் பெண்ணின் தயக்கமோ கூலியில், சாதியில், புருஷனின் கோபத்தில், நடந்தே கடக்கவேண்டிய தூரத்தில் இருந்தது. மனசை மட்டும் கேட்டால் போதாது. சைக்கிள் வந்தது அதனால்தான். 'பொம்பள சைக்கிள் ஓட்டுறதா' என்ற கேலிக்கு யாரும் சொற்பொழிவால் பதில் சொல்லவில்லை. ஓட்டக் கற்றுத்தந்தார்கள்; வாங்க வங்கிக் கடனுக்கு வழி செய்தார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் மணியடித்தபடி சைக்கிளில் நகருக்குள் வந்ததை பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். பெண்களுக்கான சைக்கிள் தட்டுப்பட்டபோது ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள் என்பதையும் அவர் எழுதியிருக்கிறார்.

இதைப் புனிதப்படுத்த வேண்டியதில்லை. அறிவொளி அரசுத் திட்டமும்கூட. இலக்கு, அறிக்கை, முழு எழுத்தறிவு அறிவிப்பு எல்லாம் அதற்குள் இருந்தன. கைநாட்டு கையெழுத்தானதோடு நின்றுபோனவர்கள் உண்டு. கற்ற எழுத்தை மறந்தவர்களும் உண்டு. மேலும், ஒருவர் வாயாலேயே அவருடைய மாற்றத்தைச் சொல்லவைப்பதும் ஒரு நுண் அதிகாரம்தான். பாவசங்கீர்த்தனத்திலிருந்து மருத்துவரின் அறைவரை, பேசவைத்தே ஆளுகிற முறை பற்றி ஃபூக்கோ 1976இலேயே எழுதிவிட்டார். அப்படியானால் உரையாடல் எப்போது விடுதலையாகிறது? கேட்கப்பட்டவர் திருப்பிக் கேட்கும்போது.

இதற்கு நெல்லூர் மாவட்டத்து தூபகுண்டா சாட்சி. அங்கும் எழுத்தறிவு வகுப்புதான். குடியால் சீரழியும் குடும்பம் பற்றிய பாடத்தைப் படித்த பெண்கள், 'என் புருஷன் ஏன் குடிக்கிறான்' என்பதோடு நிற்கவில்லை. 'சாராயத்தை ஊருக்குள் கொண்டுவந்தது யார்' என்று கேட்டார்கள். 1992இல் கடைகள் மூடப்பட்டன, ஏலங்கள் தடுக்கப்பட்டன. 1993 அக்டோபரில் ஆந்திர அரசு சாராயத்தைத் தடைசெய்தது. எந்த ஆலோசகரும் ஒரு குடிகாரரிடம் கேட்டுப் பெற முடியாத மாற்றம் அது.

நம் கதையைப் பாருங்கள். மில்லரின் கட்டுரை வந்த அதே 1983இல்தான் டாஸ்மாக் நிறுவப்பட்டது. 2003இலிருந்து சில்லறைக் கடையையும் அதுவே நடத்துகிறது. குடிநோயாளிக்கு ஆலோசனை தருவதும் அரசு, கடை திறப்பதும் அரசு. ஆலோசனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விட நினைக்கிற மனிதருக்கு மரியாதையோடு காதுகொடுக்கும் ஓர் ஆள் கட்டாயம் வேண்டும். ஆனால் 'நீங்க ஏன் குடிக்கிறீங்க' என்று கேட்கிற மேசைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர், 'நீங்க ஏன் விக்கிறீங்க' என்று கேட்க இடமிருக்கிறதா? புதுக்கோட்டையின் வகுப்புகளில் அந்த இடம் கொஞ்ச காலமாவது இருந்தது. அதை மீண்டும் உண்டாக்குவது பற்றித்தான் நாம் பேச வேண்டும்.