நிலைமாற்றுக் காந்தத்தடை மின்னாக்கி

நிரந்தரக் காந்தம் இல்லாமல், ரோட்டாரில் செம்புச் சுருளும் இல்லாமல் மின்சாரம் தரும் இயந்திரம். 'சுவிட்ச்டு ரிலக்டன்ஸ் ஜெனரேட்டர்' என்றே பொறியாளர்கள் சொல்வார்கள். காந்தத்தடை, அதாவது காந்தப்புலம் பாய்வதற்கு எழும் தடை, இரும்பில் குறைவு, காற்றிடைவெளியில் மிக அதிகம். இந்த ஏற்றத்தாழ்வுதான் இயந்திரத்தின் உயிர்.

மோட்டாராகத்தான் இது முதலில் பிறந்தது. ஸ்காட்லாந்தில் அபர்டீனைச் சேர்ந்த ராபர்ட் டேவிட்சன் 1842இல் எடின்பரோ–கிளாஸ்கோ இருப்புப்பாதையில் 'கால்வானி' என்ற மின்கல ரயில் இன்ஜினை ஓட்டிக் காட்டினார். அச்சில் மர உருளை, அதன்மேல் இரும்புப் பட்டைகள். அவற்றை மின்காந்தங்கள் முறைவைத்து இழுத்தன. வேகம் மணிக்குச் சுமார் 6 கிலோமீட்டர். எட்டி நடந்தால் கூடவே போய்விடலாம். மின்கலத்தில் கரைந்த துத்தநாகத்தின் விலை நிலக்கரியிடம் தோற்றது. சுருள்களை நேரம் பார்த்துத் திறந்து மூட இயந்திரத் தொடுப்புகளைத் தவிர அன்று வேறு வழியும் இல்லை. டிரான்சிஸ்டர் வரும்வரை இந்த வகை ஓரங்கட்டப்பட்டே கிடந்தது. 1980இல் பீட்டர் லாரன்சனும் லீட்ஸ், நாட்டிங்காம் பல்கலைக்கழகக் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இதை மீட்டது.

அசையாத ஸ்டேட்டாரில் 8 முனைகள், சுழலும் ரோட்டாரில் 6 பற்கள் கொண்ட வடிவம் பரவலானது. எதிரெதிர் முனைகளின் சுருள்கள் சேர்ந்தது ஒரு கட்டம். பல் முனைக்கு நேரே வரும்போது சுருளின் தூண்டல்திறன் உச்சம் தொடும்; விலகும்போது சரியும். ஏறும்போது மின்னோட்டம் விட்டால் மோட்டார். சரியும்போது விட்டால் மின்னாக்கி. முனையோடு ஒட்டியிருக்கவே விரும்பும் பல்லை வெளியிலிருந்து வலிந்து விலக்குகிறோம். அந்த உழைப்பே மின்சாரமாகிறது.

ஆனால் கைமுதல் வேண்டும். விளையும் மின்சாரம் சேரும் நேர்மின் தடத்திலிருந்து கடன் வாங்கித்தான் சுருளில் காந்தப்புலம் எழுப்ப முடியும். ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு சுவிட்சுகள், இரண்டு டயோடுகள். பல் நேர்நிலையை நெருங்கும்போது சுவிட்சுகள் மூடும். அதைத் தாண்டியதும் திறக்கும். பின்பு டயோடுகள் வழியே வாங்கியதைவிடக் கூடுதல் ஆற்றல் தடத்துக்குத் திரும்புகிறது. சுழற்சியால் சுருளில் எழும் எதிர்மின்னழுத்தம் தட மின்னழுத்தத்தை மிஞ்சும் வேகத்தில், சுவிட்ச் திறந்த பிறகும் மின்னோட்டம் ஏறிக்கொண்டே போகும்.

கட்டுப்பாட்டின் சிக்கல் இங்கேதான். தட மின்னழுத்தம் சற்று உயர்ந்தால் கிளர்வு, அதாவது சுருளில் காந்தப்புலம் எழுப்பும் மின்னோட்டம், கூடும். கிளர்வு கூடினால் விளைச்சல் கூடும். மின்னழுத்தம் இன்னும் ஏறும். சரிந்தாலும் அதே கதை. மின்னழுத்தத்தை அளந்து மூடும், திறக்கும் கோணங்களைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 3000 சுற்றில் ரோட்டார் 1 பாகை நகர 56 மைக்ரோவினாடிதான். குறைந்த வேகத்தில் மின்னோட்டத்தை நறுக்கி வரம்புக்குள் வைக்கலாம். அதிவேகத்தில் ஒவ்வொரு பல்லும் முனையைக் கடக்கும்போது ஒற்றைத் துடிப்புதான், கோணங்களைத் தவிரப் பிடி ஏதுமில்லை.

1990களில் அமெரிக்க விமானத்துறை இதில் ஆர்வம் காட்டியது. ஜெட் இன்ஜினைக் கிளப்பவும் பிறகு மின்சாரம் எடுக்கவும் ஒரே இயந்திரம் போதும். ஒரு சுருள் பழுதானால் அதன் கிளர்வை நிறுத்தினால் அது அடங்கிவிடும். நிரந்தரக் காந்த மின்னாக்கியில் அது நடவாது. ரோட்டார் சுழலும்வரை காந்தம் பழுதான சுருளுக்குள் மின்னோட்டத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

பலவீனம் இரைச்சல். முனைகள் பற்களை ஆரவாக்கில் இழுத்து விடும்போது ஸ்டேட்டாரே அதிர்கிறது. கேட்டர்பில்லர் 2018இல் அறிவித்த டி6 எக்ஸ்இ புல்டோசர் இந்தத் தொழில்நுட்பத்தைத்தான் நம்பியது. அந்த டீசல் முழக்கத்தில் இந்த இரைச்சல் யார் காதில் விழப்போகிறது!