நினைவு என்னும் வழக்கு: எஸ்.பொ.வின் தன்வரலாற்று எழுத்து உருவான விதம்

சென்னை கே.கே. நகரிலிருந்து வடபழனி வழியாக ஆற்காடு சாலையைப் பிடித்தால் கோடம்பாக்கம் கூப்பிடு தூரம்தான். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் ஈழத்திலிருந்து வந்த குடும்பங்கள் பலவும் விருகம்பாக்கம், வளசரவாக்கம், போரூர் என்று இந்தச் சாலையை ஒட்டியே வீடு பார்த்தன. எஸ்.பொ. என்று அறியப்பட்ட எஸ். பொன்னுத்துரையின் 'மித்ர' பதிப்பகமும் கோடம்பாக்கத்தில் இதே சாலையில்தான் இயங்கியது. குடியிருப்பு சிட்னியில், அச்சு வேலை சென்னையில், எழுதியதோ பெரும்பாலும் யாழ்ப்பாணத்தைப் பற்றி. இந்த ஏற்பாட்டில் வெளிவந்த 'வரலாற்றில் வாழ்தல்' (2003) இரண்டு தொகுதிகள், ஏறத்தாழ 2000 பக்கங்கள். தமிழில் இவ்வளவு பெரிய தன்வரலாறுகள் அதிகமில்லை. ஒரு புனைகதைக்காரர் எழுபது வயதில் இத்தனை பக்கம் தன்னைப் பற்றி எழுத நேர்ந்தது ஏன் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. புலம்பெயர்ந்தவரின் ஊர் ஏக்கம் என்று சொல்லி இதை எளிதாக முடித்துவிடலாம். காரணம் அந்தப் புலப்பெயர்வுக்கும் இருபது ஆண்டுகளுக்கு முந்தையது என்று எனக்குத் தோன்றுகிறது.

எஸ்.பொ. 1932இல் யாழ்ப்பாணத்தில் பிறந்தார். தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்தார். ஊர் திரும்பி மட்டக்களப்புப் பக்கம் ஆசிரியரானார். இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் 1954இல் தொடங்கப்பட்டபோது டொமினிக் ஜீவா, கே. டானியல் முதலானோருடன் அவரும் அந்த வட்டத்தில் இருந்தார். 1961இல் வந்த 'தீ' நாவல் ஒருவனின் பாலியல் வாழ்க்கையை ஒளிவுமறைவின்றிச் சொன்னதால் பெரும் கண்டனத்துக்கு உள்ளானது. அறுபதுகளின் தொடக்கத்தில் சங்கத்தோடும் முறிவு ஏற்பட்டது. முற்போக்குக்கு எதிராக 'நற்போக்கு' என்ற முழக்கத்தை எழுப்பினார். க. கைலாசபதி, கா. சிவத்தம்பி ஆகிய இரு பெரும் விமர்சகர்களும் தன்னைத் திட்டமிட்டு இருட்டடிப்புச் செய்தார்கள் என்ற குற்றச்சாட்டைக் கடைசிவரை அவர் விடவில்லை. தன்வரலாற்றின் விதை இந்தக் குற்றச்சாட்டில்தான் இருக்கிறது.

ஆனால் அறுபதுகளில் அவர் பதில் சொன்னது கதைகளால். 'சடங்கு' (1966) இதற்கு நல்ல சான்று. கொழும்பில் எழுதுவினைஞராக இருக்கும் செந்தில்நாதன் மனைவியோடு இருக்கும் ஆசையில் விடுமுறை போட்டு ரயிலேறி யாழ்ப்பாணம் வருகிறார். வீட்டில் மாமியார் இருக்கிறார், பிள்ளைகள் இருக்கிறார்கள், உறவினர் வருகிறார்கள், ஊர்க்காரியங்கள் முளைக்கின்றன. ஒவ்வொரு இரவும் ஏதோவொன்று குறுக்கே விழுகிறது. விடுமுறை தீர்ந்து, வந்தபடியே அடுத்த ரயிலுக்குக் கிளம்புகிறார். கதை இவ்வளவுதான். அரசாங்க உத்தியோகத்தையே கனவாகக் கொண்ட ஒரு நடுத்தர வர்க்கத்தின் முழு வாழ்க்கையும் அதற்குள் வந்துவிடுகிறது. கொள்கை விளக்கம் ஒரு வரிகூட இல்லாமல் வர்க்கத்தைக் காட்டிய நாவல் அது. முற்போக்காளர்கள் கொண்டாடியிருக்க வேண்டியது. அதே ஆண்டு 'வீ' சிறுகதைத் தொகுதியும் வந்தது. இவ்விரண்டுக்கும் ஈடான புனைவை அவர் பிறகு எழுதவில்லை என்பது என் கணிப்பு. 2007இல் வந்த அரசியல் நாவல் 'மாயினி'யையும் சேர்த்தே சொல்கிறேன்.

எண்பதுகளில் ஆசிரியப் பணிக்காக நைஜீரியா சென்றார். அங்கிருந்து ஆஸ்திரேலியா. ஆப்பிரிக்க வாழ்க்கை அவருடைய சொந்தக் கதைகளில் பெரிதாகத் தடம் பதிக்கவில்லை. மொழிபெயர்ப்புகளில் பதித்தது. செம்பேன் உஸ்மான், கூகி வா தியாங்கோ ஆகியோரின் நாவல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தார்.

நினைவெழுத்தின் முதல் கட்டம் 1992இல் வந்த 'நனவிடை தோய்தல்'. முப்பதுகள், நாற்பதுகளின் யாழ்ப்பாணச் சிறுபிராயத்தைச் சொல்லும் நூல். பனையும் கூழும் திருவிழாவும் வாய்மொழியும் நிறைந்தது. போரால் ஊர் உருக்குலைந்துகொண்டிருந்த நேரத்தில் எழுதப்பட்டதால் இது ஓர் ஆவணமும் ஆயிற்று. இங்கே எஸ்.பொ. யாரோடும் மல்லுக்கட்டவில்லை. அவருடைய உரைநடை மிக இயல்பாக மூச்சுவிடும் இடம் இதுவே என்பேன்.

அடுத்த கட்டம் பதிப்பாளராக. 1994இல் கலைவிமர்சகர் இந்திரனோடு சேர்ந்து தொகுத்த 'பனியும் பனையும்', ஐரோப்பா, வட அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று சிதறிக் கிடந்த தமிழர்களின் கதைகளை ஒரே அட்டைக்குள் சேர்த்தது. புலம்பெயர்ந்தோர் எழுத்தே அடுத்த நூற்றாண்டுத் தமிழிலக்கியத்துக்குத் தலைமை தாங்கும் என்று எஸ்.பொ. அறிவித்தார். மிகைதான். ஆனால் அந்த அறிவிப்புக்குப் பின்னால் ஒரு கணக்கும் இருந்தது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் தனக்கு மறுக்கப்பட்டதாக அவர் கருதிய இடத்தை, அங்குள்ள விமர்சகர்களின் கை எட்டாத புதிய வரைபடத்தில் அமைத்துக்கொண்டார். பதிப்பகமும் கையில் இருந்தது. 'வரலாற்றில் வாழ்தல்' எழுதப்படுவதற்கான சூழல் இப்படித்தான் கூடிவந்தது. அதைத் திருத்திச் சுருக்கச் சொல்ல வேறு பதிப்பாசிரியர் இல்லை. நூலின் துணிச்சலும் தொய்வும் இரண்டுமே அங்கிருந்து வந்தவை.

தொனியில் அது ஒரு வாக்குமூலம். இளமைக்கால மீறல்களை மறைக்காமல் சொல்கிற அதே மனிதர், இலக்கியச் சண்டைகள் என்று வந்தவுடன் வாதியாகவும் சாட்சியாகவும் நீதிபதியாகவும் தானே அமர்ந்துகொள்கிறார். பின்வந்தவர்கள் இந்த வழியில் போகவில்லை. பாரிஸில் வாழும் ஷோபாசக்தி 'கொரில்லா'வில் (2001) தன் இயக்க வாழ்வைப் புனைவோடு பிரிக்க முடியாதபடி கலந்தார். கனடாவின் அ. முத்துலிங்கம் 'உண்மை கலந்த நாட்குறிப்புகள்' (2008) நூலில் தலைப்பிலேயே சிரித்துக்கொண்டு தப்பித்தார். தன்னைப் பற்றிச் சத்தியம் செய்து எழுதும் சுமையை இருவரும் ஏற்கவில்லை. எஸ்.பொ.வுக்கு வேறு வழி இல்லை. வழக்காட வந்தவர் புனைவு என்று சொன்னால் வழக்கே தள்ளுபடியாகிவிடும்.

கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2010ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்கு வழங்கியது. 2014 நவம்பர் 26 அன்று சிட்னியில் காலமானார்.

இன்று கே.கே. நகர் முனுசாமி சாலைப் புத்தகக் கடையில் ஈழ எழுத்துகளைத் தேடி வரும் இளம் வாசகர் பெரும்பாலும் ஷோபாசக்தியில் தொடங்குகிறார். எஸ்.பொ.விடம் வருபவர் 'சடங்கு' படித்துவிட்டு 'நனவிடை தோய்தல்' போகலாம். பெரிய தன்வரலாற்றைத் தனியாகப் படிக்கக் கூடாது. டொமினிக் ஜீவாவின் தன்வரலாறான 'எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்' (1999) நூலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அதே தலைமுறை, அதே ஊர், எதிர் அணி. ஜீவா 1966 முதல் நடத்திய 'மல்லிகை' இதழ்கள் பலவும் நூலகம் மின்னூலகத்தில் கிடைக்கின்றன. சங்க முறிவு பற்றி எஸ்.பொ. நாற்பது ஆண்டு கழித்துச் சொல்பவற்றை அந்தக் காலத்து அச்சோடு ஒத்துப்பார்க்க இப்போது கடல் தாண்ட வேண்டியதில்லை.