ஓதத் தெரிந்தவருக்கு ஓர் எழுத்து

கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே, ஏரியும் கடலும் சேரும் இடத்தில் பழவேற்காடு இருக்கிறது. 1613இல் டச்சுக்காரர்கள் எழுப்பிய கெல்டிரியா கோட்டையைத்தான் வரலாற்று நூல்கள் பெரிதாகச் சொல்லும். அவர்களுக்கு முன்பே இங்கே முஸ்லிம் வணிகர்கள் இருந்தார்கள். முன்னோர் அரபுநாட்டிலிருந்து மரக்கலமேறி வந்ததாகச் சொல்லும் சில குடும்பங்கள், அதற்குச் சான்றாக அரபுத்தமிழ் ஏடுகளைக் காட்டுகின்றன.

அரபி எழுத்தில் எழுதிய தமிழ் அது. ட, ண, ங போன்ற ஒலிகளுக்கு அரபியில் எழுத்தில்லை. இருக்கிற எழுத்துகளோடு புள்ளியும் குறியும் சேர்த்து உண்டாக்கிக்கொண்டார்கள்.

இப்படிச் செய்ததில் பெரிய இரக்கம் இருந்தது. ஓதப் போன பிள்ளை குர்ஆனை எழுத்துக்கூட்டி ஓதும், பொருள் விளங்காது. தமிழ் எழுத்துப் படிக்கும் வாய்ப்போ பெண்களுக்கும் கடலோடிகளுக்கும் குறைவு. அவர்களுக்குத் தெரிந்த ஒரே எழுத்தில், வீட்டில் பேசும் மொழியில் தொழுகை, நோன்பு, குளிப்பு முறைகளை எழுதிக் கொடுத்துவிட்டால், ஆலிம்சாவிடம் போய்க் கூச்சத்தோடு கேட்டு நிற்க வேண்டியதில்லை. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) 'மகானி', 'பத்ஹுத் தய்யான்' முதலிய நூல்களை எழுதியது இந்த மக்களுக்காகத்தான். மார்க்கம் தெரியாதவர்களை அவர் ஏசவில்லை. தெரிந்துகொள்ள வழி செய்தார்.

அச்சும் பள்ளிக்கூடமும் பரவியபின் தமிழ் எழுத்தே போதுமானதாயிற்று. 20ஆம் நூற்றாண்டில் பா. தாவூத்ஷா 'தாருல் இஸ்லாம்' இதழில் எளிய தமிழில் மார்க்கம் பேசினார். ஆ. கா. அப்துல் ஹமீது பாகவி குர்ஆனைத் தமிழாக்கினார்.

எளியவர் நிலையறிந்து வழி செய்யும் இந்த இரக்கத்துக்கு நபிகளார் காலத்திலேயே முன்மாதிரி உண்டு. முஆத் என்ற தோழர், தாம் முன்னின்று நடத்திய தொழுகையை நீட்டிக்கொண்டே போனார். பகலெல்லாம் ஒட்டகங்களைக் கொண்டு நீர் இறைத்துக் களைத்த ஒருவர் ஜமாஅத்தை விட்டு விலகித் தனியே தொழுதார். அவரை நயவஞ்சகர் என்று முஆத் சொன்னது நபிகளாரின் காதுக்கு எட்டியது. கண்டிப்பு முஆதுக்குத்தான் கிடைத்தது. பின்னால் நிற்பவர்களில் முதியவர், பலவீனர், வேலையுள்ளவர் இருப்பார்கள் என்று நினைவூட்டி, சிறிய அத்தியாயங்களை ஓதும்படி நபிகளார் அவரிடம் சொன்னார்.

அப்படி உழைத்துக் களைத்தவர்கள் இன்று கும்மிடிப்பூண்டி இரும்பாலைகளில் இருக்கிறார்கள். உலைச் சூட்டில் நோன்பு தாங்கவே முடியாமல் போனால் முறித்துவிட்டு, பிறகு வேறொரு நாளில் நோற்றுக் களாச் செய்யலாம் என்று சட்ட நூல்கள் இடம் தருகின்றன. ஆனால் அதை எடுத்துச் சொன்னாலும், வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளிக்கு ஜும்ஆவின் தமிழ்ப் பயான் விளங்காது. அன்று அரபி தெரியாத தமிழருக்கு இருந்த இடர்ப்பாடு இன்று இவருக்கு. இவர் மொழியில் கிதாபுகள் இல்லாமலில்லை. அவற்றைத் தருவித்து இவர் கையில் சேர்க்கும் பொறுப்பு இங்குள்ள ஜமாஅத்துகளுடையது.