மறுசேர்க்கை ஹெபடைடிஸ் பி மேலுறைப் புரதம்

ஹெபடைடிஸ் பி வைரசின் வெளியுறையில் உள்ள புரதத்தை, அந்த வைரசின் துணையின்றி ஈஸ்ட் போன்ற வேற்று உயிரணுக்களில் உருவாக்கும்போது கிடைப்பது மறுசேர்க்கை மேலுறைப் புரதம் ஆகும். இது தடுப்பூசியாகவும், ஆய்வகங்களில் சோதனைப் பொருளாகவும் பயன்படுகிறது.

வைரசு இன்னதென்று தெரியும் முன்பே அதன் உறைப்புரதம் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. அமெரிக்க மருத்துவர் பாருக் புளும்பெர்க் மஞ்சள் காமாலைக்குக் காரணம் தேடியவர் அல்லர். மனிதக் குருதிப் புரதங்கள் ஆளுக்கு ஆள் எவ்வாறு வேறுபடுகின்றன என்று ஆராய்ந்து வந்தார். பலமுறை குருதி ஏற்றப்பட்ட ஒரு ஹீமோஃபீலியா நோயாளியின் சீரம், ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் சீரத்துடன் வினைபுரிந்தது. 1965இல் வெளியான கட்டுரையில் அப்பொருள் 'ஆஸ்திரேலிய ஆன்டிஜென்' எனப்பட்டது. பெயரைப் பார்த்து, நோய் ஆஸ்திரேலியாவில் தோன்றியதாகக் கொள்ளக் கூடாது. முதலில் இது இரத்தப் புற்றுநோயுடன் தொடர்புடையதோ என்று ஐயுற்றனர். கல்லீரல் அழற்சியுடன் உள்ள தொடர்பு பின்னரே தெளிவானது. புளும்பெர்க்குக்கு 1976இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த வைரசை ஆய்வகக் குடுவைகளில் வளர்க்க முடியவில்லை. ஆகவே புரதம் வேண்டுமென்றால் நோய்த்தொற்று உள்ளவர்களின் குருதியே ஒரே வழி. அவர்களின் பிளாஸ்மாவில் மரபுப்பொருள் ஏதுமற்ற, சுமார் 22 நானோமீட்டர் அளவுள்ள வெற்று உறைத் துகள்கள் ஏராளமாக மிதக்கும். மெர்க் நிறுவனத்தின் மாரிஸ் ஹில்மன் அவற்றைப் பிரித்து, பெப்சின், யூரியா, ஃபார்மால்டிஹைடு ஆகியவற்றால் பதப்படுத்தித் தடுப்பூசி செய்தார். 1981இல் அமெரிக்காவில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டில்தான் எய்ட்ஸ் நோய் முதன்முதலாக அறிவிக்கப்பட்டது. பதப்படுத்தும் முறை எய்ட்ஸ் வைரசையும் அழித்துவிடும் என்று பின்னர் உறுதியானாலும், பிறர் குருதியிலிருந்து எடுத்த ஊசி என்ற அச்சம் எளிதில் நீங்கவில்லை. நோயாளிகளின் குருதியை அன்றாடம் கையாளும் மருத்துவப் பணியாளர்களே போட்டுக்கொள்ளத் தயங்கினர்.

குருதியே தேவைப்படாத வழியை மரபணுப் பொறியியல் தந்தது. 1970களின் இறுதியில் பாரிஸ், எடின்பரோ, சான் பிரான்சிஸ்கோ ஆகிய இடங்களில் இருந்த குழுக்கள் வைரசின் மரபணுக்களைப் படியெடுத்தன. ஈ.கோலை பாக்டீரியாவில் செய்த முயற்சிகளில் துகள் வடிவம் சரிவர அமையவில்லை. வடிவம் இங்கே மிக முக்கியம். கந்தகப் பிணைப்புகளால் மடிந்து நிற்கும் பகுதியைத்தான் எதிர்ப்பொருள்கள் அடையாளம் காண்கின்றன. பாப்லோ வலென்சுவேலா, வில்லியம் ரட்டர், பெஞ்சமின் ஹால் உள்ளிட்டோர் அம்மரபணுவை ஈஸ்ட்டில் புகுத்தினர். ரொட்டியைப் புளிக்கவைக்கும் அந்த உயிரியிலிருந்து, நோயாளிகளின் குருதியில் இருப்பவற்றை ஒத்த துகள்கள் கிடைத்தன. 1982இல் இது வெளியிடப்பட்டது. மனிதக் குரங்குகளில் சோதித்த பின், 1986இல் தடுப்பூசிக்கு ஒப்புதல் கிடைத்தது. மறுசேர்க்கை முறையில் உருவாகி மனிதருக்கு அனுமதிக்கப்பட்ட முதல் தடுப்பூசி இதுவே.

இந்தியாவில் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997இல் 'ஷான்வாக்-பி' ஊசியை வெளியிட்டது. அதுவரை இறக்குமதியை நம்பியிருந்த இந்த ஊசியின் விலை அதன்பின் வெகுவாகக் குறைந்தது.

ஆய்வகத்தில் இப்புரதத்தைத் தட்டுக் குழிகளில் படியவைத்து, அதன்மேல் சீரத்தை இட்டு எதிர்ப்பொருள் அளவை அறிகின்றனர். உயிருள்ள வைரசைத் தொட வேண்டியதில்லை. தடுப்பூசியில் மேலுறைப் புரதம் மட்டுமே உள்ளதால், ஊசி போட்டவரிடம் வைரசின் உட்கருப் புரதத்துக்கான எதிர்ப்பொருள் உருவாகாது. தொற்றால் எதிர்ப்பாற்றல் பெற்றவரையும் ஊசியால் பெற்றவரையும் இதைக்கொண்டே பிரித்தறிகின்றனர். ஊசி போட்ட சில நாட்களுக்குள் குருதியைச் சோதித்தால், ஊசியில் இருந்த புரதமே தென்பட்டு, தொற்று இருப்பதுபோல் தவறான முடிவு வருவதும் உண்டு.