மைனாரிட்டி அரசு என்றால் என்ன? 96 எம்.எல்.ஏ.க்களுடன் திமுக 5 ஆண்டு ஆண்டது எப்படி?

2006 முதல் 2011 வரை ஜெயலலிதா அறிக்கை விட்டால் அதில் ஒரு வார்த்தை தவறாமல் இருக்கும்: 'மைனாரிட்டி திமுக அரசு'. அரசியல் கிண்டல்தான், ஆனால் கணக்கு சரி. மொத்தம் 234 இடங்கள். பெரும்பான்மைக்கு 118 வேண்டும். திமுக ஜெயித்தது 96.

அப்புறம் எப்படி ஆட்சி? 34 எம்.எல்.ஏ.க்கள் வைத்திருந்த காங்கிரஸ் வெளியிலிருந்து ஆதரவு கொடுத்தது. 96-உம் 34-உம் சேர்ந்தால் 130. பாமகவின் 18, இடதுசாரிகளின் 15 எல்லாம் கூடுதல் பலம். பின்னாளில் அவர்கள் விலகியபோதும் ஆட்சி ஆடாததற்கு இந்த 130 தான் காரணம்.

ஆனால் அமைச்சரவையில் இருந்தவர்கள் எல்லோருமே திமுகவினர். காங்கிரஸுக்கு ஒரு இலாகாகூட இல்லை. மாநில காங்கிரஸில் 'ஆட்சியில் பங்கு' என்ற குரல் அவ்வப்போது எழும், அப்படியே அடங்கிவிடும். காரணம் டெல்லி. மத்தியில் மன்மோகன் சிங் அரசுக்கு திமுக எம்.பி.க்கள் தேவை, சென்னையில் கருணாநிதிக்கு காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்கள் தேவை. ஒருவர் கையை விட்டால் இருவருக்கும் சிக்கல்.

இதற்கு நேர்மாறான கதை 1952-ல் நடந்தது. அன்றைய சென்னை மாகாணத்தில் மொத்தம் 375 இடங்கள், காங்கிரஸுக்குக் கிடைத்தது 152. முதல்வரான ராஜாஜி, 6 எம்.எல்.ஏ.க்கள் கொண்ட காமன்வீல் கட்சியின் தலைவர் மாணிக்கவேலு நாயக்கரை அமைச்சராக்கினார். அதாவது ஆதரவுக்கு விலை அமைச்சர் பதவி.

வெளியிலிருந்து ஆதரவு தரும் கட்சிக்கு இதில் என்ன லாபம்? கெட்ட பெயர் வந்தால் பங்கு இல்லை, பிடி மட்டும் கையில் இருக்கும். அரசியல் சாசனத்தின் 164-வது பிரிவுப்படி அமைச்சரவை மொத்தமாகச் சட்டமன்றத்துக்குப் பதில் சொல்லணும். ஒரு அமைச்சர் எடுத்த முடிவுக்கும் எல்லோரும் பொறுப்பு. ஆதரவு தருபவருக்கு அந்தப் பொறுப்பு கிடையாது.

ஆபத்து எங்கே வரும்? நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் மட்டுமல்ல, பட்ஜெட்டிலும்தான். மானியக் கோரிக்கை சபையில் தோற்றால் அரசு விலக வேண்டியதுதான். அதனால் மைனாரிட்டி அமைச்சரவை எந்த முடிவு எடுத்தாலும், கோப்பில் கையெழுத்து போடுவதற்கு முன் ஆதரவு தரும் கட்சியின் மனநிலையைப் பார்த்துக்கொள்ளும்.

இன்னொரு விஷயம்: வாக்கெடுப்பில் சபையின் மொத்த எண்ணிக்கையில் பாதி தேவையில்லை, வந்து ஓட்டு போட்டவர்களில் பாதிக்கு மேல் இருந்தால் போதும். 1993 ஜூலையில் நரசிம்ம ராவ் அரசு 265-க்கு 251 என்று தப்பியது. அந்த ஓட்டுக்காக ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா எம்.பி.க்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டதாக எழுந்த வழக்கில், பணம் வாங்கி ஓட்டு போட்ட எம்.பி.க்கு சட்டப் பாதுகாப்பு உண்டு என்று 1998-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 7 நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது 2024 மார்ச்சில்தான். இப்போது சபையில் ஓட்டு போட லஞ்சம் வாங்கும் எம்.பி., எம்.எல்.ஏ. மீது வழக்கு பாயும்.