கோடு போடுங்க பார்ப்போம்... வாசகரையும் ஆட்டத்தில் சேர்க்கும் இணையக் கட்டுரைகள்!

வார இதழ் வந்ததும் கதை, கட்டுரைக்கு முன்னாடி பேனாவை எடுத்துக்கிட்டு 'ஆறு வித்தியாசங்கள்' பக்கத்துக்குப் போற ஆள் ஒருத்தராவது நம்ம வீட்ல இருந்திருப்பாங்க. படிக்கிறவரைச் சும்மா உட்கார விடக் கூடாது என்ற அதே உத்திதான் இன்று செய்தித் தளங்களில் குவிஸ், கால்குலேட்டர், வாக்கெடுப்பு என வேறு வேஷத்தில் வருகிறது. 'இன்டராக்டிவ்' என்பது இதற்கு வைத்திருக்கும் பெயர்.

இதில் சூப்பர் ஹிட் ஒன்று உண்டு. 2013 டிசம்பர் பிற்பகுதியில் 'நியூயார்க் டைம்ஸ்' தளம் 25 கேள்விகள் கொண்ட ஒரு குவிஸை வெளியிட்டது. கூல்டிரிங்க்ஸை நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்... 'சோடா', 'பாப்', 'கோக்' இதில் எது? நாலு பேரைச் சேர்த்துக் கூப்பிட என்ன வார்த்தை? எல்லாமே இப்படிச் சாதாரணக் கேள்விகள்தான். முடித்ததும் அமெரிக்க வரைபடம் வரும். உங்கள் பேச்சு எந்த ஊர்ப் பேச்சோடு ஒத்துப்போகிறதோ, அந்தப் பகுதி சிவப்பாகத் தெரியும்.

இதை உருவாக்கிய ஜோஷ் காட்ஸ், புள்ளியியல் படித்தவர். அப்போது அங்கே இன்டர்ன். வருடம் முடிய இரண்டு வாரம்கூட இல்லாத நேரத்தில் வந்தும், அந்த வருடம் அந்தத் தளத்தில் அதிகம் பார்க்கப்பட்ட பக்கம் அதுதான். பெரிய பெரிய செய்திகளையெல்லாம் தாண்டி!

காரணம் சிம்பிள். 'அட, என் ஊரைக் கண்டுபிடிச்சிடுச்சே' என்று நாலு பேரிடம் காட்டத் தோன்றும். ஆனால், அந்த சிம்பிளுக்குப் பின்னால் 3,50,000-க்கும் மேற்பட்ட சர்வே பதில்கள் இருந்தன. அந்த உழைப்பு இல்லாவிட்டால் அது கிளி ஜோசியம் மாதிரிதான் ஆகியிருக்கும்.

எனக்கு இதைவிடப் பிடித்தது, 2015 மே மாதம் அதே தளத்தில் வந்த இன்னொன்று. பெற்றோரின் வருமானம் கூடக் கூட, பிள்ளைகள் கல்லூரிக்குப் போகும் வாய்ப்பு எப்படி மாறும்? பதிலைச் சொல்லாமல், 'நீங்களே கோடு வரையுங்கள்' என்று வெறும் கட்டத்தைக் கொடுத்துவிட்டார்கள். வரைந்த பிறகுதான் உண்மையான கோடு தெரியும். அது கிட்டத்தட்ட நேர்க்கோடு! பலரும் வளைத்து வளைத்துப் போடும் இடம் இது. நாம் எங்கே தப்பு பண்ணினோம் என்று தெரிந்த பிறகு, கீழே இருக்கும் கட்டுரையைப் படிக்காமல் போக மனசு வராது.

இதோடு ஒப்பிட்டால், கட்டுரைக்குக் கீழே 'ஆம் / இல்லை / கருத்து இல்லை' என்று ஒட்டிவைக்கும் வாக்கெடுப்பு பாவம்தான். ஒரு கிளிக், ஒரு சதவிகிதம். வாசகருக்குத் திரும்பக் கிடைப்பது எதுவுமில்லை. (நாங்களும் செய்வோம். ஒப்புக்கொள்கிறேன்.)

ஆனால் வாசகர் கையை நீட்டுகிறார் என்பதற்காக வளையலைக் கழற்றுகிற கதையும் நடந்திருக்கிறது. ஃபேஸ்புக்கில் வந்த 'திஸ் இஸ் யுவர் டிஜிட்டல் லைஃப்' என்ற ஆளுமை குவிஸ் ஞாபகமிருக்கிறதா? கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரத்தின் மையமே அதுதான். இந்தியாவில் அந்த ஆப்பை நிறுவியவர்கள் 335 பேர்தான். ஆனால், நண்பர்கள் பட்டியல் வழியாகத் தகவல் போயிருக்கக்கூடியவர்களையும் சேர்த்தால் 5,62,455 பேர் என 2018-ல் ஃபேஸ்புக்கே கணக்கு சொன்னது.

கூல்டிரிங்க்ஸ் பேரைக் கேட்கிற குவிஸுக்கு உங்க நண்பர்கள் பட்டியலும் போன் நம்பரும் எதுக்கு? கேட்டால், அந்தப் பக்கத்தை அப்படியே மூடிடுங்க.